மூச்சுக்கான பகடை

மலையை எங்கே வெட்டுவது என்று சுகிர்தா யோசித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டரை. நான்கு மணிக்குச் சிநேகிதி பேச்சியும் ஹபீபும் வந்துவிடுவார்கள். தரையில் ஐந்து சார்ட் தாள்களை ஒட்டிச் செய்த வரைபடம் ஜன்னலடியில் கடலாகத் தொடங்கி, கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு, எதிர்ச்சுவரில் மலையாக முட்டி நின்றது. நடுவில் ஓர் ஆறு. கடலில் பிறந்து மலைக்கு ஓடுகிற ஆறு அது. நான்கு வருஷத்துக்கு முன்னால் முதல் ஞாயிற்றுக்கிழமை, பதற்றத்தில் மலை எது கடல் எது என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். திருத்தக் கூச்சமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டாள், ஆறும் அன்றிலிருந்து மேல்நோக்கியே ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட்டு என்றால் அவ்வளவுதான்: மூன்று பேர் பாயில் உட்கார்ந்து, ஒருத்தி உலகத்தைச் சொல்ல, மற்ற இருவரும் அதற்குள் ஆளுக்கொரு ஆளாகி நடமாடுவது. போகலாமா, அடிக்கலாமா, தப்பலாமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பச்சைப் பகடை தீர்மானிக்கும். ஷேர் ஆட்டோவில் நிறுத்தச் சொல்ல வாய் வராமல் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருகிற சுகிர்தா, இந்தப் பாயில் உட்கார்ந்தால் ராஜாவாகப் பேசுவாள், பிசாசாகச் சிரிப்பாள், சுங்கச்சாவடிக் கிழவியாக எச்சில் தெறிக்கத் திட்டுவாள். கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு முதுகில் எண் ஒட்டுகிற வேலை அவளுக்கு, வாரம் முழுக்க ஒட்டுவாள். ஒட்டுகிற நேரமெல்லாம் தலைக்குள் இந்த ஆற்றங்கரையில் ஊர் ஊராக எழும்பும். கடலில் மூழ்கிப்போன ஒரு பட்டணத்தின் மணியை எடுத்து மலைமேல் கொண்டுபோய்க் கட்ட வேண்டும், அதுதான் கதை. மணியை எடுக்கவே நான்கு வருஷம் ஆயிற்று. இனி ஆற்று வழி. ஒன்பது துறைகள், துறைக்குப் பத்து ஞாயிறு, மொத்தம் தொண்ணூறு. நோட்டில் போன மாதமே எழுதி வைத்திருந்தாள், தொண்ணூறுக்கு அடியில் இரண்டு கோடு வேறு. இன்றைக்கு அந்தத் தொண்ணூறை இருபதாக்க வேண்டும், நான்கு துறை, துறைக்கு ஐந்து. கத்தரி கையில் சூடேறிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை. இருபதுகூட அதிகமோ. எட்டு மாசம் என்றால் முப்பத்துநாலு ஞாயிறு, அதில் ஆஸ்பத்திரி ஞாயிறு, மழை ஞாயிறு, எழுந்திருக்க முடியாத ஞாயிறு என்று கழித்தால், வேண்டாம், மறுபடியும் அந்தக் கணக்கு வேண்டாம்.

வியாழக்கிழமை இசக்கி அண்ணன் போன் பண்ணியிருந்தார், பேச்சியின் அண்ணன். அவர் அதுவரை அவளுக்குப் போன் பண்ணியதே இல்லை. அதனால் மணி அடிக்கும்போதே எழுந்துவிட்டாள். நூலகத்தில் அகராதி அடுக்குக்குப் பின்னால் போய் நின்று பேசினாள். "ஏ தங்கச்சி, ஒண்ணுமில்ல, போன வாரம் டாக்டர் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. நுரையீரல் ரெண்டும் தேங்காநாரு மாதிரி இறுகிப் போயிட்டாம். மாத்து நுரையீரலுக்கு எழுதி வச்சிருக்கு, எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்காரு. எட்டு மாசங்காரு, கூடிப்போனா." தெருச் சத்தத்துக்கு நடுவில் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குத் தெரியாது. அம்மைக்கும் தெரியாது. நீ வாரா வாரம் அவகூட உக்காந்து கதை பேசுத பிள்ள, உங்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு. அவகிட்ட மூச்சு விட்றாத." சொல்லிவிட்டு அந்தச் சொல்லிலேயே அவர் இடறி நின்றது சுகிர்தாவுக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டார். மூன்று நாளாக அந்தக் குரலில் மற்றதெல்லாம் உதிர்ந்துபோய் ஒரே ஒரு துண்டு மட்டும் மிச்சமிருக்கிறது, கூடிப்போனா, கூடிப்போனா, பல் துலக்கும்போது, எண் ஒட்டும்போது. எட்டு எப்படிக் கூடும். ஆனால் இந்த மாடிப் படிக்கட்டு முன்னமே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முப்பத்தாறு படி, நடுவில் திருப்பத்தில் ஒரு சின்ன மேடை. முதல் வருஷம் பேச்சி ஓடியே வருவாள், செருப்புச் சத்தம் கேட்டு முடிவதற்குள் கதவில் குத்து விழும். இரண்டாம் வருஷம் நடந்து வந்தாள். ஒன்றரை வருஷமாக மேடையில் நிற்கிறாள். பேச்சி தனியாக நிற்கக் கூடாது என்று ஹபீபும் கூட நின்று போனில் பேசுவான். எதிர்முனையில் யாரும் இருப்பதில்லை என்று சுகிர்தாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவன் கேள்வியே கேட்பதில்லை, "ஆங், சரி, ஆங்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று அவள் எண்ணுவாள். போன ஞாயிறு எழுபதைத் தாண்டிற்று. ஏறி வந்ததும் பேச்சி ஸ்டூலில் உட்காருவாள், மூச்சு திரும்புகிறவரை ஹபீப் பென்சில் சீவுவான், சுகிர்தா நோட்டில் இல்லாத பக்கத்தைத் தேடுவாள். அந்தப் பென்சில் எல்லாம் இப்போது கட்டை விரல் நீளத்துக்கு வந்துவிட்டன. போன ஞாயிறு அப்படி மூச்சு திரும்பியதும் பேச்சி சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி, இந்த ஆத்து வழி நீளமா இருக்கணும், கேட்டியா. சட்டுனு மலையில கொண்டு ஏத்திராத. ரெண்டு வருஷமாச்சும் ஓடணும்."

நீளமாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள், சுகிர்தா அவளுக்குத் தெரியாமல் குட்டையாக்கிக்கொண்டிருக்கிறாள். குட்டையாக்காவிட்டால் மணி மலையேறுவதைப் பேச்சி பார்க்க மாட்டாள். குட்டையாக்கினால், ஏன் குட்டையாயிற்று என்று பேச்சி ஒரு நொடியில் கண்டுகொள்வாள். அப்புறம் அந்த எட்டு மாசத்தை அவளிடம் சொன்னது இசக்கி அண்ணனாக இருக்காது, இந்த வரைபடமாக இருக்கும், இந்தக் கையாக இருக்கும். பேச்சியின் ஆள் பெயர் உளி. முத்துக் குளிக்கிறவள், மெலிந்தவள், வாயாடி, தண்ணீருக்குள் நூறு எண்ணுகிறவரை மூச்சடக்குகிறவள். பேச்சியே அப்படிக் கேட்டு வாங்கியதுதான், மூச்சைப் பற்றி யாரும் யோசிக்காத காலத்தில். பேச்சியம்மாள் என்று வீட்டில் வைத்த பெயரைக் கல்லூரி வருகைப் பதிவில் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தபோது, "எங்க ஆத்தா பேரு. அவ சிரிச்சவனையெல்லாம் அருவாளால வெட்டுனவளாம், பாத்துக்கோங்க" என்று சொல்லி உட்கார்ந்தவள், அப்படி ஒரு ஆத்தாவே இல்லை என்று பிறகு சுகிர்தாவிடம் மட்டும் சொன்னாள். மூச்சு உருட்டலுக்கு விதி போட்டதும் அவள்தான். மற்ற உருட்டலெல்லாம் அவரவர் கையால், நடுப்பாயில், எல்லார் கண் முன்னாலும். மூச்சு மட்டும் கதைக்காரி உருட்ட வேண்டும், திரைக்குப் பின்னால். "தண்ணிக்குள்ள கெடக்கவளுக்கு எவ்வளவு மூச்சு மிச்சம்னு எப்படிட்டி தெரியும்? நீ உருட்டு. விழுந்தது எத்தனைன்னு மட்டும் சொல்லு, பொழச்சேனா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சிரும்." திரை என்பது மூன்று பரீட்சை அட்டையை பைண்டிங் துணியால் ஒட்டி நிறுத்தியது. அதற்குப் பின்னால், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை, மூழ்கிய பட்டணத்தின் கோயில் கதவுக்கு அடியில் உளியின் கால் மாட்டிக்கொண்டது. பத்துக்கு மேல் விழ வேண்டும். மூன்று விழுந்தது. சுகிர்தா அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பகடையில் வெள்ளை மூன்று, அதன் வயிறு லேசாகத் தேய்ந்திருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பேச்சி முதல் முறையாகத் திருப்பத்து மேடையில் நின்றிருந்தாள். "பதினேழு" என்றாள் சுகிர்தா. "பதினேழா?" என்றாள் பேச்சி. "பதினேழு." பேச்சி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள், பிறகு தன் தாளில் பதினேழு என்று எழுதி வட்டம் போட்டாள். தனக்கு வைத்திருந்த சிக்கன் பப்ஸைத் தாளோடு அவள் பக்கம் தள்ளி, "இந்தா, கதைக்காரிக்குக் கூலி" என்றாள். சுகிர்தா அதைத் தின்றாள். பொய்க்காரி வாய்க்கு மசாலா காரமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த மூன்று அவளுக்குள் கிடக்கிறது. உளி உயிரோடு நீந்துகிற ஒவ்வொரு வாரமும், செத்த ஒருத்தியை நடமாட விட்டிருக்கிறோம் என்று தோன்றும், அப்படித் தோன்றியதற்கு வெட்கமாக இருக்கும். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. அதைத்தான் அவளால் நினைத்து முடிக்க முடியவில்லை. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், பாயில் வைத்தே அந்தச் சாவைச் செலவழித்திருந்தால். இல்லை, பகடைக்கு என்ன தெரியும், பிளாஸ்டிக்.

வெட்டினாள். கத்தரி நான்காம் துறைக்கும் ஐந்தாம் துறைக்கும் நடுவில் சரசரவென்று போயிற்று. ஐந்தாம் துறையில் ஊமைகள் சந்தை வைத்திருந்தாள், ஆறு மாதம் யோசித்தது, அங்கே விலை பேசுவதெல்லாம் விரலால். ஆறாவதில் பூனைகளின் ஊர். ஹபீபின் ஆள் மொட்டைப்பாறை என்கிற ராட்சதன், பூனைக்குப் பயப்படுகிறவன், அவனுக்காகவே கட்டிய ஊர். ஏழாவதில் ஒரு வெள்ளைப் படகு, அதில் யார் என்று அவளுக்கே தெரியாது, போகப்போகத் தெரியும் என்று விட்டு வைத்திருந்தாள். எட்டும் ஒன்பதும் வெறும் புள்ளிகள். மலையடியில் இன்னொரு வெட்டு, எல்லாம் சேர்ந்து ஒன்றரைத் தாள். அதைச் சுருட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டு, மலையை இழுத்து வந்து நான்காம் துறைக்கு அருகில் போட்டாள். கடலுக்கு மேல் மலை கவிழ்ந்து நிற்பதுபோல் இருந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. எனக்கு வேலை மாறப்போகிறது. சலிப்பாக இருக்கிறது. நிலநடுக்கம் வந்து நாடு சுருங்கிவிட்டது. நிலநடுக்கம் பரவாயில்லை, உளிக்கும் மொட்டைப்பாறைக்கும் கிழவி ஒருத்தி வந்து சொல்லலாம், அப்பனே மலை ராவோடு ராவா நடந்து வந்துட்டு என்று. பேச்சி சிரிப்பாள், சிரித்துவிட்டுப் பார்ப்பாள். அவள் பார்வையை நினைத்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள். பகடை உருளும்போது பேச்சி திரையைப் பார்க்க மாட்டாள், சுகிர்தாவின் முகத்தையும் பார்க்க மாட்டாள், அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்ப்பாள், கோயிலில் சாமிக்கு முன்னால் நிற்கிறவளைப்போல. இந்த நேரத்தில் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து துவைத்த துணியைக் கட்டிலில் போட்டாள். "ஏட்டி, இன்னைக்கும் பகடையா? ஞாயித்துக்கெழம அதுவுமா. பாஸ்டர் வந்தா அதத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில போடு, ஆமா." "சரிம்மா." "பேச்சி வருவால்லா?" "வருவா." அம்மா போகாமல் நின்றாள். "அவளுக்கு உறைப்பு இல்லாம அவியல் தனியா எடுத்து வச்சிருக்கேன். அந்தப் பிள்ள இன்னும் மெலிஞ்சுபோயிட்டு, என்னன்னு கேட்டியா?" "கேக்கல." "கேக்க மாட்டியே நீ. கூடவே இருப்ப, ஒண்ணுங் கேக்க மாட்ட." போகிற போக்கில் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். "என்னட்டி, போன வாரம் செவரு வரைக்கும் கெடந்துச்சு, பாதியாப் போச்சு?" என்றாள். இந்த விளையாட்டில் ஒரு எழுத்தும் தெரியாத அம்மா.

அம்மாவுக்கே தெரிந்தால். சுகிர்தா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், பேச்சியின் இடத்திலிருந்து வெட்டு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துவிடலாம் என்று. அம்மாவின் பழைய தையல் மெஷின் ஸ்டூல், காற்றுக்காக ஜன்னலடியில் பேச்சி தானே தேர்ந்து போட்டுக்கொண்ட இடம். நான்கு வருஷத்தில் சுகிர்தா அதில் உட்கார்ந்ததே இல்லை. அவள் இடம் எப்போதும் தரையில், பீரோவுக்கு முதுகு காட்டி, திரைக்குப் பின்னால். உட்கார்ந்தாள். வெட்டு தெரிந்தது, மலையின் கால் அறுபட்ட இடம் பளிச்சென்று. அப்புறம் தலையை நிமிர்த்தினாள். எதிரே அவளுடைய காலி இடம், நிற்கிற திரை, அதற்குப் பின்னால் இரும்பு பீரோ. பீரோவின் கதவு நாதாங்கி கெட்டு எப்போதும் ஒரு சாண் திறந்தே நிற்கும், கதவில் ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடியில் திரையின் உள்பக்கம் இருந்தது. உள்பக்கத்தில் அவள் ஒட்டி வைத்த துண்டுக் காகிதங்கள், பிசாசுகளின் பெயர்கள், நோட்டு, நோட்டின் பக்கத்தில் பச்சைப் பகடை. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. மேல்முகத்தில் பதினொன்று. இங்கிருந்து படிக்க முடிந்தது. சுகிர்தா அசையவில்லை. மீன் வாசனை நின்றுபோயிருந்தது, எங்கோ குக்கர் கத்தியது. அந்த மூன்று விழுந்த மறு மாதம், கதவு விளிம்பு முதுகில் இடிக்கிறதென்று செய்தித்தாளை மடித்துச் செருகிக் கதவை அடைத்து வைத்திருந்தாள். பேச்சி எழுந்து வந்து அந்தத் தாளை உருவிப் போட்டாள், "அடைக்காதட்டி, பீரோவுக்கும் மூச்சு வேணும்லா" என்றாள், ஹபீப் அன்றைக்கு அரை மணி நேரம் சிரித்தான். தோளுக்கு மேலே பார்ப்பாள். சாமியைப் பார்ப்பதுபோல. பதினேழா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அசையாமல் இருந்தாள். பிறகுதான் வட்டம் போட்டாள், பிறகுதான் கூலி. அது ஒன்று மட்டுமா, மொட்டைப்பாறை மூழ்கியபோது சொன்ன பொய்கள், கிழவிகளை மூழ்கிச் சாகவிடாமல் காப்பாற்றிய பொய்கள், சுகிர்தா ஒவ்வொரு ஞாயிறும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொன்ன அத்தனை எண்களும். எல்லாவற்றுக்கும் பேச்சி நெஞ்சில் கை வைத்தாள், அப்பாடா என்றாள், ஐயோ என்றாள். ஒரு தரம்கூட அந்தக் கண்ணாடியை வைத்துத் தனக்கென்று ஒன்றும் சம்பாதித்துக்கொள்ளவில்லை. பொறி இருக்கிறது என்று கண்ணாடியில் தெரிந்த குகைக்குள் உளியை நடத்திப்போய் விழ வைத்தாள். மூன்றைப் பார்த்தவள் அவள். அந்த மூன்றின்மேல் ஒன்றரை வருஷமாக நீந்திக்கொண்டிருக்கிறாள். சுகிர்தாவுக்கு முதலில் முகம் எரிந்தது, எல்லாரும் பார்க்கத் துணி மாற்றியதுபோல. அந்த எரிச்சல் அடங்க அடங்க, கூடிப்போனா என்கிற குரலுக்குப் பின்னால் பேச்சியின் வீடு வந்தது. இசக்கி அண்ணன் ரிப்போர்ட் கவரை எங்கே ஒளித்து வைத்திருப்பார், அம்மை அடுப்படியில் எந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள், சாப்பிடும்போது யார் யாரைப் பார்க்காமல் இருப்பார்கள். அந்த வீட்டிலும் பேச்சி ஓர் இடம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எங்கே உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நீளமா இருக்கணும், கேட்டியா. ரெண்டு வருஷமாச்சும்.

மணி மூன்றே முக்கால். கட்டிலடியிலிருந்து சுருளை இழுத்தாள். ஊமைகள் சந்தை ஓரத்தில் கசங்கியிருந்தது, தேய்த்து நிமிர்த்தினாள். பசை டப்பாவில் விரலை விட்டே பூசினாள், பிரஷ் தேட நேரமில்லை. மலையைத் திரும்பவும் சுவருக்குத் தள்ளினாள். தள்ளியபிறகும் போதாது என்று பட்டது. அலமாரிக்கு மேலிருந்த புதுச் சார்ட்டை எடுத்து ஏழாம் துறைக்கும் எட்டாம் துறைக்கும் நடுவில் ஒட்டினாள். வெறும் வெள்ளை. அதில் ஆறு மட்டும் நீலப் பென்சிலால் வளைந்து வளைந்து போயிற்று, ஊர் பெயர் எதுவும் இல்லை. மலை இப்போது சுவரில் ஒரு முழம் ஏறிவிட்டது. ஒட்டும்போது பசை நீர் சொட்டி ஒரு வளைவு அழிந்தது, அதை ஒரு ஏரியாக்கினாள். கீழே வண்டி நிற்கிற சத்தம். செருப்பு. ஒன்று, இரண்டு. மேடை. ஹபீபின் குரல், "ஆங், சரி, ஆங்." சுகிர்தா கதவுக்குப் பின்னால் போகவில்லை, எண்ணவும் இல்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பீரோக் கதவு முதுகில் இடித்தது. கையைப் பின்னால் விட்டு அதை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

பேச்சி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உதடு நீலமாக இருந்தது. ஹபீப் பென்சிலைச் சீவத் தொடங்கினான், சீவுவதற்கு அதில் மிச்சமில்லை. சுகிர்தா இன்றைக்குப் பக்கம் எதையும் தேடவில்லை, பேச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. திரும்பியதும் பேச்சி குனிந்து வரைபடத்தைத் தொட்டாள், விரல் நுனியில் பசை வந்தது. அதை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். "இங்க வெட்டி ஒட்டிருக்கியே." "ஆமா." "மலை செவத்துல ஏறிட்டு." "ஆறு நீண்டுபோச்சு." "எத்தனை வாரம் வரும்?" "நூறு. நூத்திப்பத்து." ஹபீப் தலையைச் சொறிந்தான். "கதைக்காரி, எனக்குக் கல்யாணமாயி எம் பிள்ள வந்து உருட்டும்போல இருக்கே." "ஒனக்கு முதல்ல... பொண்ணு கெடைக்கட்டும்லே," என்றாள் பேச்சி, இரண்டு மூச்சில். பிறகு அந்த வெள்ளைத் தாளைக் காட்டினாள். "இதுல என்ன ஊரு?" "தெரியல, இன்னும் யோசிக்கல," என்றாள் சுகிர்தா. பேச்சி தலையாட்டினாள். "யோசிக்காத. அப்படியே கெடக்கட்டும். போய்ப் பாத்துக்கிடலாம்."

போன வாரம் விட்ட இடம்: மணியைப் படகில் ஏற்றும்போது கயிறு அறுந்து, உளி மணியோடு ஆற்றில் விழுந்திருந்தாள். மூச்சு உருட்டல். சுகிர்தா பகடையை எடுத்தாள். வழக்கமாக எண்ணைப் பார்த்ததும் உள்ளங்கையால் பொத்திவிடுவாள். இன்றைக்கு உருட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பகடை நோட்டின் ஓரத்தில் முட்டித் திரும்பி நின்றது. இரண்டு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேச்சியின் கண் அவள் தோளுக்கு மேலே இருந்தது. அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக இறங்கி சுகிர்தாவின் கண்ணுக்கு வந்து நின்றது, நான்கு வருஷ உருட்டலில் முதல் முறையாக.

"பத்தொன்பது," என்றாள் சுகிர்தா.

பேச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அப்பாடா," என்றாள். பென்சிலை நாக்கில் தொட்டு, தாளில் பத்தொன்பது என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள். "ம், சொல்லு," என்றாள். "மேல வந்துட்டேன். கரை தெரியுதா?"